ஆலை ஓசையும் குருதியழுத்தமும்

அருவியின் ஒலியும் குயிலின் குரலும் உள்ளத்திற்கு உவகை தருவன. ஆயின், அளவு கடந்த ஓசை உடலுக்கு ஊறு விளைப்பதாகும். இவ்வுண்மையைத் தம் உடம்பிலே உணர்வோர் தொழிற்சாலைகளில் உழைப்போரே ஆவர்.

இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி என்பார், 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெனிஸ் நகரில் செம்பைச் சம்மட்டியால் தட்டிக் கலங்கள் செய்வோர் நாளடைவில் செவிடராதலை அதில் எடுத்துரைத்தார். பின்னர் நீராவிப் பொறிகள் தோன்றின, ஆலைகள் பெருகின, ஓசையும் பெருகிற்று. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் அருகருகே நின்றோரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்க இயலாது, உதட்டசைவைக் கண்டே உரையாடினர்.

ஓசையை டெசிபல் என்னும் அலகால் அளப்பர். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். நாடா பாயும் விசைத்தறிகள் நிறைந்த கூடத்தில் ஓசை 95 டெசிபலைக் கடத்தலும் உண்டு. 10 டெசிபல் மிகுந்தால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும்.

பேரோசை செவியோடு நின்றுவிடுவதன்று. உடல் அதனை இடரின் அறிகுறியாகக் கொள்கின்றது. அட்ரினலின் முதலிய சுரப்புநீர்கள் குருதியிற் கலக்கின்றன, நெஞ்சம் விரைந்து துடிக்கின்றது, சிறு குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன, குருதியழுத்தம் உயர்கின்றது. புலியைக் கண்டு ஓடுவோனுக்கு இவ்வேற்பாடு நன்மையே. நாள்தோறும் எட்டு மணி நேரம் ஓசையில் நிற்போனுக்கோ அது சுமையாகின்றது.

பேரோசையில் நெடுங்காலம் உழைப்போரிடம் உயர் குருதியழுத்தம் மிகுந்திருத்தலை ஆய்வுகள் பல கண்டுள்ளன. உணவில் மிகும் உப்பு, புகையிலை, உறக்கக் குறைவு ஆகியனவும் அழுத்தத்தை உயர்த்துமாதலின், ஓசையின் பங்கு இத்துணை என வரையறுத்தல் எளிதன்று. எனினும், வருமுன் காத்தலே அறிவுடைமை.

புதிதாக ஆலையிற் சேர்ந்தவர் முதலில் ஓசையால் வருந்துவர். சில திங்களுக்குப் பின், "பழகிவிட்டது" என்பர். செவி மந்தமாவதையே சிலர் பழக்கம் என மயங்குவர். செவிட்டுத் தன்மையைப் பிறரேனும் அறிவர். உயர் குருதியழுத்தமோ பெரும்பாலும் வெளிக்குறி காட்டாது வளர்ந்து, நெஞ்சையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கருவியால் அளந்தாலன்றி அதனை அறிதல் அரிது.

ஓசையை அது பிறக்கும் இடத்திலேயே தணித்தல் முதற்கடன். தேய்ந்த உறுப்புகளை மாற்றுதல், பொறிகளுக்கு எண்ணெயிடுதல், ஓசை மிக்க பொறியைத் தனி அறையில் அடைத்தல் ஆகியன ஆலை உடையோர் செய்யத்தக்கன. உழைப்போர் செவிக்காப்பு அணிதலையும், செவியையும் குருதியழுத்தத்தையும் ஆண்டுதோறும் சோதித்தலையும் வழக்கமாகக் கொள்ளுதல் வேண்டும். ஆலை நெய்யும் ஆடையின் விலையில் உழைப்பாளியின் உடல் நலம் சேருதல் ஆகாது.