நுண்ணோக்கியில் கண் வைக்கும் பிள்ளைகளுக்கு

உயிரியல் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். புரோட்டிஸ்டுகளும் பூஞ்சைகளும் பாடப்புத்தகத்தில் நாலைந்து பக்கத்தில் முடிந்துவிடும். அதை மனப்பாடம் செய்யும் முன் நான் சொல்வதைக் கேளுங்கள்.

1. எந்த உயிரைப் பார்த்தாலும், அது எப்படிச் சாப்பிடுகிறது என்று முதலில் கேளுங்கள். பெயர் பிறகு வரட்டும். அமீபா போலிக்காலை நீட்டி இரையை வளைத்து உள்ளே எடுத்துக்கொள்கிறது. பாரமீசியம் குறுஇழைகளால் நீரைச் சுழற்றி, பாக்டீரியாவை வாய்க்குழிக்குள் தள்ளுகிறது. யூக்ளினா வெளிச்சத்தில் தானே உணவு தயாரிக்கும். இருட்டில் கரைந்த சத்தை உறிஞ்சியும் பிழைத்துக்கொள்ளும். புரோட்டிஸ்டா என்ற பெயரை 1866-இல் எர்னஸ்ட் ஹேக்கல் வைத்தார். பெயர் ஒன்றுதான் என்பதால் இவையெல்லாம் ஒரே குடும்பம் என்று எண்ணிவிடாதீர்கள். வெகுதூரம் விலகிப்போன பல கிளைகள் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன.

2. பாரமீசியத்தை ஓடவிட்டு வரையாதீர்கள். வைக்கோல் ஊறிய குளத்துநீரில் ஒரு துளி எடுத்து, பஞ்சு நார் இரண்டைப் போட்டுக் கவர் ஸ்லிப்பால் மூடுங்கள். நாரிடையே சிக்கி அது நிற்கும். இப்போது உடலின் இரு முனைப்பக்கமும் பாருங்கள்: ஒரு வட்டக்குமிழ் மெல்லப் பருக்கும், சட்டென்று மறையும், அதே இடத்தில் மறுபடி தோன்றும். அதுதான் சுருங்கும் நுண்குமிழ். குளத்துநீரைவிடச் செல்லுக்குள் உப்பு அதிகம், அதனால் தண்ணீர் ஓயாமல் உள்ளே புகுகிறது. வெளியே தள்ளாவிட்டால் செல் வெடித்துவிடும். துளியின் ஓரத்தில் மிகக் கொஞ்சம் உப்புநீர் விட்டால் துடிப்பு மந்தமாகும். காரணத்தை நீங்களே சொல்லிப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடம் தரும் பாடத்தை எந்தப் படமும் தராது.

3. பூஞ்சைக்கு வாய் கிடையாது. நொதிகளை வெளியே சுரந்து, உணவை வெளியிலேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் அதன் உடல் மெல்லிய இழைகளாகப் பரவியிருக்கிறது. உறிஞ்சும் பரப்பு கூடுகிறது. ஈரமான ரொட்டித்துண்டை மூடி வையுங்கள். சில நாளில் வெள்ளை இழைகளும், அவற்றின் நுனியில் கரும்புள்ளிகளும் தெரியும். அந்தப் புள்ளிகள்தான் ரைசோபஸ் என்ற ரொட்டிப்பூஞ்சையின் வித்துப்பைகள்.

4. அந்த மூடியைத் திறந்து முகராதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டேயே போகவேண்டாம்.

5. காளானைப் பார்த்து இதுதான் பூஞ்சை என்று சொல்லாதீர்கள். அது வித்துப் பரப்ப எழும் உறுப்பு மட்டுமே. உயிர் பரவிக்கிடப்பது அடியில். மழைக்குப் பின் வரும் புற்றுக்காளானைக் கவனமாகத் தோண்டினால், தண்டு வேர்போல நீண்டு கறையான் கூட்டுக்குள் இறங்குவது தெரியும். அங்கே கறையான்களே அதைப் பயிர்செய்து உண்கின்றன. ஆனால் காளான் இனம் தெரியாமல் எதையும் சமைத்துவிடாதீர்கள்.

6. பூஞ்சை செடியைவிட விலங்குக்கே நெருங்கிய உறவு. சேமிப்பது ஸ்டார்ச் அல்ல, நம் கல்லீரலைப் போலக் கிளைகோஜன். செல்சுவரில் இருப்பது பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டின். இந்த உறவால்தான் பூஞ்சையால் வரும் படர்தாமரைக்கு மருந்து தேடுவது கடினம்: நம் செல்லைத் தொடாமல் அதன் செல்லை மட்டும் தாக்கவேண்டும். நமக்குக் கொலஸ்டிரால் உள்ள இடத்தில் அதன் செல்சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது; பல மருந்துகள் அதைத்தான் குறிவைக்கின்றன. ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் கேட்டு வாங்கித் தடவுகிறவர்களைக் கண்டால் தடுங்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

7. முதல் விதியை மட்டும் நம்பினால் ஓரிடத்தில் ஏமாறுவீர்கள். 1845 முதல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்த ஃபைட்டாப்தோரா, பூஞ்சை போலவே இழைவிட்டு வளர்கிறது, பூஞ்சை போலவே உறிஞ்சுகிறது. ஆனால் அதன் செல்சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. வித்துகள் கசையிழை கொண்டு நீந்துகின்றன. உறவோ பழுப்புப் பாசிகளோடும் டயாட்டம்களோடும். நீலகிரி உருளைக்கிழங்குத் தோட்டங்களிலும் இந்தக் கருகல்நோய் உண்டு. ஃபைட்டாப்தோரா எர்கோஸ்டெராலைத் தயாரிப்பதே இல்லை என்பதால், எர்கோஸ்டெராலைக் குறிவைக்கும் பூஞ்சைக்கொல்லியை அங்கே தெளித்தால் காசும் உழைப்பும்தான் வீண்.