அவையும் மனுவும்: வடகரைப் பகுதியை முன்வைத்து உள்ளாட்சிக் கூட்டங்களின் மொழி

ஆய்வுச் சுருக்கம்

உள்ளாட்சிக் கூட்டங்களில் குடிமக்கள் வாய்மொழியாகச் சொல்லும் குறை, தீர்மானமாகவோ மனுவாகவோ எழுத்துவடிவம் பெறும்போது அடையும் மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. தென்காசி மாவட்டத்து வடகரை கீழ்பிடாகை பேரூராட்சியும் அதன் சுற்றுவட்டாரமும் ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகின்றன. கிராம சபை உள்ள ஊராட்சிக்கும் அச்சபை இல்லாத பேரூராட்சிக்கும் இடையிலான வேறுபாடு, சட்ட வேறுபாடு மட்டுமன்று. குடிமகன் எந்த மொழியில், எந்நிலையில் நின்று பேசுகிறான் என்பதையும் அது முடிவுசெய்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கிராம சபை, பேரூராட்சி, மனு, தீர்மானம், வாய்மொழி, மானூர்க் கல்வெட்டு.

முன்னுரை

அவை என்னும் சொல் தமிழில் நெடிய வரலாறு உடையது. மன்றம், பொதியில், அம்பலம், சபை என ஊர் கூடும் இடத்தையும் கூடியிருப்போரையும் ஒருசேரக் குறிக்கும் சொற்கள் பல. திருக்குறள் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அவையில் பேசுவோர்க்கென்றே ஒதுக்கியுள்ளது. அவை குறித்த தமிழாய்வுகள் பெரும்பாலும் இலக்கியத்தையும் கல்வெட்டையும் சார்ந்தே அமைந்துள்ளன. இன்றைய ஊராட்சி அலுவலகத்து மேசைமீது இருக்கும் தீர்மானப் பதிவேடும் ஒரு தமிழ்ப் பனுவலே என்ற நோக்கு அரிதாகவே காணப்படுகிறது. அந்நோக்கில் ஒரு முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது.

களம்: பெயரும் நிலையும்

வடகரை, செங்கோட்டைக்கு வடக்கே மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ளது. அதற்கு மேற்கே மேக்கரையில் அடவிநயினார் அணை அமைந்துள்ளது. பேரூராட்சியின் அலுவற்பெயர் வடகரை கீழ்பிடாகை என்பதாகும். பிடாகை என்பது ஒரு பேரூரின் உட்கிடையாகிய சிற்றூரைக் குறிக்கக் கல்வெட்டுகளில் வழங்கும் ஆட்சிச்சொல். இடைக்கால ஆட்சிப்பிரிவொன்றின் பெயர் இன்றைய உள்ளாட்சி அமைப்பின் முத்திரையில் நிலைத்திருப்பது கருதத்தக்கது. இதே மாவட்டத்தில் சாம்பவர் வடகரை என்ற மற்றொரு பேரூராட்சியும் இருத்தலால் இவ்வேறுபாட்டுப் பெயர் நடைமுறைத் தேவையும் ஆகிறது.

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் உருவானது. குற்றாலம், பண்பொழி, அச்சன்புதூர், ஆய்க்குடி, சாம்பவர் வடகரை, சுந்தரபாண்டியபுரம் என இவ்வட்டாரத்தில் பேரூராட்சிகள் செறிந்துள்ளன. வாழ்முறையால் இவற்றுட் பல வேளாண் ஊர்களே. நெல்லும் தென்னையும் வாழையும் இவற்றின் எல்லைக்குள்ளேயே விளைகின்றன. சட்டத்தின் பார்வையிலோ இவை நகர்ப்புற உள்ளாட்சிகள். எனவே அண்டை ஊராட்சியில் வாழும் உழவருக்கு உள்ள கிராம சபை, வடகரை உழவருக்கு இல்லை.

இவ்வகைப்பாடு மாறாத ஒன்றன்று. 2004இல் தமிழகப் பேரூராட்சிகள் சிறப்பு கிராம ஊராட்சிகள் எனப் பெயர்மாற்றம் பெற்று, 2006இல் மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. ஊரும் வயலும் மாறவில்லை. அரசாணையின் சொல் மாறியது. சொல் மாறியபோது ஊர் எந்தச் சட்டவகைக்கு உரியது என்பதும் மாறியது.

கிராம சபை: உறுப்பினராகப் பேசுதல்

அரசமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இயற்றப்பட்டது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற அனைவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆவர். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் ஏற்பது, பணிகளின் முன்னேற்றத்தைச் சீராய்வது ஆகியவை அதன் கடமைகளுள் அடங்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்ற முறை 2022இல் ஏற்பட்டது. மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் எனக் குறைவெண் வரம்பு வகுக்கப்பட்டுள்ளது.

மொழிநோக்கில் இச்சட்டத்தின் முதன்மையான விளைவு ஒன்றுண்டு. கிராம சபையில் எழுந்து பேசுபவர் வேண்டுநர் அல்லர், உறுப்பினர். அவர் பேச்சின் இலக்கணம் தன்மைப் பன்மையில் அமையலாம். ‘எங்களுக்குச் செய்து தாருங்கள்’ என்பதற்கு மாறாக ‘இதனைச் செய்வதென முடிவுசெய்கிறோம்’ என்று சொல்லும் உரிமை அங்கு உண்டு.

சட்டம் இருந்தும் அவை முடங்கிய காலமும் உண்டு. ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிவடைந்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட பகுதிகளைச் சார்ந்த ஒன்பது மாவட்டங்கள் விலக்கப்பட்டன. தென்காசி அவற்றுள் ஒன்று. 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான் இங்குத் தேர்தல் நடைபெற்றது. ஐந்தாண்டுக் காலம் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இன்றித் தனி அலுவலர் ஆட்சி நிகழ்ந்தது. அவ்விடைவெளியில் குடிமக்களுக்கு எஞ்சிய வழி மனுவே.

மனு: வேண்டுநராக எழுதுதல்

பேரூராட்சியில் வாழ்வோர் தம் குறையைச் சொல்லும் இடங்கள் பல. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடைபெறுகிறது. உழவர்களுக்கென மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் உண்டு. பசலி ஆண்டின் இறுதியை ஒட்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடைபெறும். பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் பேசும் உரிமை வார்டு உறுப்பினர்க்கே உரியது. பொதுமக்கள் பார்வையாளராகவே இருக்க இயலும்.

பேரூராட்சி மன்றத்தின் கூட்டப்பொருள் ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது’ என்ற வாய்பாட்டுடன் அமைவது வழக்கம். பொருளை முன்வைப்பது அலுவலகம், முடிவெடுப்பது மன்றம். இவ்விரண்டுக்கும் இடையே குடிமகனுக்கு இலக்கண இடம் இல்லை. மனுவில் அவனுக்கு இடம் உண்டு. ஆனால் அது ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளும்’ ஒருமை இடம். இவ்வட்டாரத்தில் அண்ணாச்சி என்றும் தாயி என்றும் விளித்துப் பேசும் வாய், தாளின் தலைப்பில் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என மாறுகிறது. விளி மாறும்போது உறவும் மாறுகிறது. ஊருக்குள் ஒருவரையொருவர் பொறுப்பாக்கும் பேச்சு, ஊருக்கு வெளியே அருளை எதிர்நோக்கும் எழுத்தாகிறது.

வாய்மொழி எழுத்தாகும் வழி

இம்மாற்றத்தின் இழப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கூட்டமொன்றில் ஒரு பெண் எழுந்து, “எங்க தெருவுல மூணு நாளைக்கு ஒருக்கதான் தண்ணி வருது, அதுவும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு, பொம்பளையாள்க எப்பம் தூங்குவாவ?” என்று கேட்பதாகக் கொள்ளலாம். அலுவல் நடையில் இது ‘குடிநீர் சீராக வழங்கக் கோரப்பட்டது’ என்றாகும்.

இவ்விரு கூற்றுகளையும் ஒப்பிடின் நான்கு இழப்புகள் புலனாகும். முதலாவது அளவை: மூன்று நாள் என்ற எண் ‘சீராக’ என்ற அடையில் மறைகிறது. அடுத்த கூட்டத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் வந்தால் நிலை மேம்பட்டதா என்று அளக்க வழியில்லை. இரண்டாவது காலம்: நள்ளிரவு என்ற செய்தி, நீரின் அளவைச் சார்ந்த குறையன்று, திறப்பு நேரத்தைச் சார்ந்த குறை. கூடுதல் நிதியின்றி நேரத்தை மாற்றியே அதனைத் தீர்க்கக்கூடும். அச்செய்தி நீங்கியதும் தீர்வும் நீங்குகிறது. மூன்றாவது ஆள்: தண்ணீர் பிடிக்க விழித்திருப்போர் பெண்கள் என்பது மறைகிறது. நான்காவது வினா: விடை வேண்டும் கேள்வி, விடை வேண்டாத செய்தியாகிறது. ‘கோரப்பட்டது’ என்னும் செயப்பாட்டுவினை கோரியவரையும் கோரப்பட்டவரையும் ஒருங்கே நீக்குகிறது.

வடகரைக்குரிய மற்றொரு சிக்கல், மலையடிவார விளைநிலங்களில் காட்டுயானைகள் புகுவது. வாழையும் தென்னையும் சாய்ந்த நிலத்தின் உடைமையாளருக்கு அது ஒரே நிகழ்ச்சி. அலுவல் மொழியில் அது பிளவுபடுகிறது: யானை வனத்துறைக்கு, பயிர்ச்சேதம் வருவாய்த்துறைக்கும் வேளாண்துறைக்கும், வழியில் எரியாத தெருவிளக்கு பேரூராட்சிக்கு. எந்த ஓர் அமைப்பும் முழு நிகழ்ச்சியைத் தன் பொருளாக ஏற்பதில்லை. துறைகள் அனைத்தையும் நோக்கி ஊர் ஒரே குரலில் ஒரு தீர்மானம் இயற்றும் அவை இருப்பின், பிளவுபட்ட நிகழ்ச்சி மீண்டும் ஒன்றாகும். பேரூராட்சிக்கு அத்தகைய அவை இல்லாமையின் விளைவு இங்குத் தெளிவாகிறது.

மறுப்பின் இடம்: மானூரும் இன்றைய பதிவேடும்

நெல்லைச் சீமையிலேயே அவை நடைமுறை குறித்த தொன்மையான சான்று உண்டு. கி.பி. 800 அளவினதாகக் கருதப்படும் மாறஞ்சடையன் காலத்து மானூர்க் கல்வெட்டு, பிரமதேய ஊர்ச் சபையில் யார் பங்கேற்கலாம் என்பதற்கு நிலவுடைமை, கல்வி, ஒழுக்கம் ஆகிய தகுதிகளை வரையறுக்கிறது. கொண்டுவரப்படும் பொருள் ஒவ்வொன்றையும் அன்று என மறுத்துத் தடைசெய்வோர்க்கும் அவர்க்குத் துணைநிற்போர்க்கும் ஐந்து காசு தண்டமும் விதிக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது இது.

மானூர்ச் சபை நிலமுடைய அந்தணர்க்கே உரியதாயிருந்தது. இன்றைய சபை வாக்காளர் அனைவருக்கும் உரியது. உள்ளாட்சி இடங்களில் 50 விழுக்காடு பெண்களுக்கென 2016இல் ஒதுக்கப்பட்டது. எனவே பழைய அவையை இன்றைய மக்களாட்சியின் முன்மாதிரி எனக் கொள்வது பொருந்தாது. ஆயினும் ஒரு கூறு ஒப்பிடத்தக்கது. மானூர் ஆவணம் மறுப்பைத் தண்டித்தது. தண்டித்ததனாலேயே மறுப்பு நிகழ்ந்தது என்பதையும் பதிவுசெய்தது. ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்னும் இன்றைய வாய்பாடு யாரையும் தண்டிப்பதில்லை. ஆனால் மறுப்பு இருந்த சுவட்டையே விட்டுவைப்பதில்லை. பின்வரும் ஆய்வாளருக்குக் கல்வெட்டு கூறுமளவுக்குப் பதிவேடு கூறுவதில்லை.

அவையின் ஆற்றலும் எல்லையும்

அவை எடுத்த முடிவு எழுத்தில் தெளிவுற அமையும்போது அதன் ஆற்றல் பெரிது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் அமைப்பது குறித்து, வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் கிராம சபைகளின் கருத்தைப் பெற வேண்டும் என 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானங்கள் இயற்றின; 2025 ஜனவரியில் அவ்வேலம் நீக்கப்பட்டது. இவ்வெதிர்ப்பில் பல ஆற்றல்கள் பங்குகொண்டன எனினும், ஊரின் மறுப்புக்கு ஆவண வடிவம் தந்தவை சபைத் தீர்மானங்களே.

அவையை மிகைப்படுத்திப் போற்றுவதும் பிழையாகும். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தல் நிகழவிடாமல் தடுக்கப்பட்டது. ஊர் ஒன்றுபட்டுப் பேசுவதாகத் தோன்றும்போது யாருடைய குரல் அடக்கப்பட்டது என்ற வினா எழவே செய்யும். அத்தகைய ஊரில் ஊருக்கு வெளியே உள்ள அலுவலரிடம் தரும் மனுவே வலியற்றோரின் புகலிடம். பதிவெண்ணும் ஒப்புகைச்சீட்டும் மனுவுக்கு உண்டு. எழுந்து பேசிய சொல்லுக்கு அவை இல்லை. ஆதலின் மனுவை ஒழிப்பது தீர்வாகாது. அவையின் சொல்லுக்கும் மனுவுக்குரிய ஒப்புகையை வழங்குவதே வேண்டப்படுவது.

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022இல் வெளியாயின; அவ்வாண்டு நவம்பர் 1 அன்று தமிழகத்தின் பல நகர்ப்பகுதிகளில் பகுதி சபைகள் கூடின. அரசமைப்பின் 74ஆம் திருத்தம் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகையுள்ள நகராட்சி அமைப்புகளுக்கே வார்டு குழுவைக் கட்டாயமாக்கியதை நோக்க, இது ஒரு முன்னேற்றம். எனினும் பகுதி சபையின் கருத்து மன்றத்தைச் சென்றடையும் பரிந்துரையாகவே அமைகிறது. கிராம சபையைப் போல வரவு செலவுத் திட்டத்தை ஏற்கும் தகுதி அதற்கு வாய்க்கவில்லை.

முடிவுரை

ஆய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு. கிராம சபை குடிமகனை உறுப்பினனாகவும் மனு அவனை வேண்டுநனாகவும் ஆக்குகின்றன. இவ்வேறுபாடு விளியிலும் வினைமுற்றிலும் வெளிப்படுகிறது. வடகரை போன்ற வேளாண் பேரூராட்சிகள் வாழ்முறையால் ஊராகவும் சட்டத்தால் நகராகவும் இருத்தலால், அவற்றின் மக்கள் உறுப்பினர் மொழியை இழந்துள்ளனர். அலுவல் நடையின் சுருக்கம் எண், காலம், ஆள், வினா ஆகியவற்றை நீக்கி, குறையோடு அதன் தீர்வுக்கான குறிப்பையும் போக்கிவிடுகிறது.

பதிவேடு சுருக்கமாக இருத்தல் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் சுருக்கம் வேறு, நீக்கம் வேறு. ‘கோரப்பட்டது’ என்பதற்கு மாறாக, எத்தெருவினர், எத்தனை நாளுக்கொரு முறை, எந்நேரம் என்பவற்றைச் சேர்த்து எழுதினாலும் ஒரு தொடரே ஆகும். மறுத்துப் பேசியோர் கருத்துக்கு ஒரு வரி ஒதுக்குதல், கையொப்பத்திற்கு முன் பதிவை உரக்கப் படித்துக்காட்டுதல், சென்ற கூட்டத்து முடிவுகளின் நிலையை அடுத்த கூட்டத்தின் முதற்பொருளாக்குதல் ஆகியவை சட்டத்திருத்தம் இன்றியே இயல்வன. பதிவேட்டுத் தமிழைச் செப்பஞ்செய்யும் பணியில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. எல்லாப் பேரூராட்சிகளுக்கும் கிராம சபைக்கு நிகரான அவை என்பது சட்டமன்றத்தின் முடிவுக்குரியது. அம்முடிவு வரும்வரையில், சொன்ன சொல் சொன்னவாறு எழுதப்படுவதேனும் குடிமக்களுக்கு உறுதிசெய்யப்படல் வேண்டும்.