பெயர் கேட்காத திரையிடல்

நம்ம காலேஜ்ல எந்த ஈவென்ட் நடந்தாலும் முதல் வேலை என்ன? கூகுள் ஃபார்ம் போடுறது. பெயர், டிபார்ட்மென்ட், ரெஜிஸ்டர் நம்பர், வாட்ஸ்அப் நம்பர். அப்புறம் க்ரூப் ஃபோட்டோ, கடைசியில சர்டிஃபிகேட். இதே பழக்கத்தோட போன வருஷம் ஒரு குயர் திரையிடலுக்கு வாலண்டியரா போனேன். அங்க ஒரு தப்பு பண்ணேன். அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

1977-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சில திரைக்கலைஞர்கள் தாங்கள் சூப்பர்-8 ஃபிலிமில் எடுத்த படங்களை ஒன்றுகூடித் திரையிட்டார்கள். அதுதான் இன்று 'ஃபிரேம்லைன்' என்ற பெரிய விழாவாக வளர்ந்திருக்கிறது. நமக்குப் பக்கத்தில், பெங்களூரு குயர் திரைப்பட விழா தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. டிக்கெட் கிடையாது, யாரும் உள்ளே போய் உட்காரலாம். சென்னையில் 'ரீல் டிசையர்ஸ்' விழா 2013-ல் தொடங்கியது. அதே வருடம் டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2018 செப்டம்பர் 6-ல்தான், வயதுவந்தோர் மனமொத்து வாழும் உறவு குற்றமில்லை என்ற தீர்ப்பு வந்தது.

சட்டம் மாறிடுச்சு. ஆனா வீடு, ஹாஸ்டல், சொந்தக்காரங்க எல்லாம் அதே வேகத்துல மாறல. அதனால இந்தத் திரையிடலை நடத்துறவங்களுக்கு புரொஜெக்டரைவிட முக்கியமான பொறுப்பு ஒண்ணு இருக்கு: யார் வந்தாங்கங்கிறது வெளியே போகக் கூடாது.

இப்போ என் தப்பு. ஹால் நிறைஞ்சிருந்துச்சு. சந்தோஷத்துல பின்னாடி நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். பத்து நிமிஷத்துல ஒருங்கிணைப்பாளர் அக்கா என்னை வெளியே கூப்பிட்டாங்க.

"தம்பி, அதை எடுத்துடுப்பா."

"அக்கா, யார் முகமும் தெரியல. பின்தலை மட்டும்தான் தெரியுது."

"பெத்தவங்களுக்குப் பின்தலையே போதும்ப்பா."

உடனே டெலிட் பண்ணேன். அதுக்குள்ள 23 பேர் பார்த்திருந்தாங்க. அந்தப் படத்துல இருந்த யாரையாவது அதுல யாராவது அடையாளம் கண்டாங்களா? எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அந்த டெலிட் பட்டன் பார்த்தவங்க ஞாபகத்தை அழிக்காது.

நம்ம ஃபிலிம் க்ளப்பும் இப்படி ஒரு திரையிடல் நடத்த நினைச்சா, அன்னிக்கு நான் கத்துக்கிட்டது இது:

1. தேவையில்லாத தகவலை வாங்காதீங்க. டேட்டாபேஸ் பாடத்துல படிக்கிறோமே, அதேதான். சேகரிக்காத தகவல் கசியாது. ஆடிட்டோரியம் லெட்டருக்குப் பங்கேற்பாளர் பட்டியல் கேட்டா, எண்ணிக்கை மட்டும் கொடுக்க முடியுமான்னு முதல்லயே பேசிடுங்க.

2. அனுமதி. ஓடிடி சந்தா கட்டியிருந்தாலும் அதை ஹாலில் எல்லாருக்கும் போட்டுக் காட்ட முடியாது. இயக்குநரிடமோ உரிமை வைத்திருப்பவரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கணும். சென்சார் சான்றிதழ் இல்லாத படங்களைத் திரையிட, 1952-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 9-ஆம் பிரிவின் கீழ் விலக்கு பெறும் வழி இருக்கு.

3. சப்டைட்டில். 25 ஃபிரேம் வேகத்துக்குத் தயாரித்த சப்டைட்டிலை 24 ஃபிரேம் படத்தோடு ஓட்டினா, ஒரு மணி நேர முடிவில் வசனம் 2 நிமிடம் 24 நொடி முந்திடும். முதல் நாளே கடைசிக் காட்சி வரைக்கும் ஓட்டிப் பாருங்க. தமிழில் நாமே எழுதினா சொற்களையும் கவனிங்க: பால்புதுமையர், திருநங்கை, திருநம்பி. கேலிச் சொல்லைப் போட்டு மொழிபெயர்த்தா, ஹாலில் இருக்கிற ஒருத்தர் அதைத் தன் பெயராப் படிக்க வேண்டி வரும்.

4. லேப்டாப். நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. "நானும் வந்திருக்கேன்டா, யார்கிட்டயும் சொல்லாத"ன்னு ஒரு மெசேஜ் பத்தடி திரையில, அனுப்பினவர் பெயரோட வந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

5. விளக்கு. படம் முடிஞ்சதும் சட்டுன்னு எல்லா லைட்டையும் போடாதீங்க. பெயர்ப்பட்டியல் ஓடும்போதே, கிளம்ப நினைக்கிறவங்க இருட்டிலேயே கிளம்பட்டும். அப்புறம் நடக்கிற பேச்சில் படத்தைப் பத்திக் கேளுங்க. "நீங்க ஏன் வந்தீங்க?"ன்னு யாரையும் கேட்க வேண்டாம். சொல்லணும்னு தோணினா அவங்களே சொல்வாங்க.

அன்னிக்கு இடைவேளைக்கு அப்புறம் என்னை வாசல்ல நிக்க வச்சாங்க. கையில ஒரு துண்டுச் சீட்டு, ஒரு பேனா. உள்ளே போற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோடு, அஞ்சாவதுக்குக் குறுக்குக் கோடு. மொத்தம் 61. அறிக்கைக்கு அந்த எண் போதுமானதா இருந்துச்சு.