சதம் தொலைந்த கதை: கொம்பியூட்டர் பில்லும் நமது கணக்கும்

மனிதன் கூட்டினால் பிழைக்கும், கொம்பியூட்டர் கூட்டினால் பிழைக்காது என்றுதான் நம்மில் அநேகர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த நினைப்பினால் என் கடையில் வேலை செய்த ஒரு பையன் மூன்று வாரம் தலைகுனிந்து நிற்க வேண்டி வந்தது.

எனது கடையில் ஆணி, வொஷர், போல்ட், நட் போன்ற இரும்புச் சாமான்களை மொத்தமாக விற்கிறோம். பல வருடங்கள் கையால் பில் எழுதினோம். பிறகு தாத்தாவின் மகன் ஒரு பில் புரோகிராம் எழுதித் தந்தான். கெட்டிக்காரப் பிள்ளை, சல்லியும் வாங்கவில்லை. பில் அழகாக அச்சாகி வந்தது. லாச்சியில் இருக்கும் காசும் கொம்பியூட்டர் காட்டும் மொத்தமும் சரியாக இருந்தன.

ஆனால் எங்கள் கணக்கப்பிள்ளை பழைய காலத்து மனிதர். அன்றன்று வெளியே போன சாமானை எண்ணி, விலைப் பட்டியலால் பெருக்கி, வரவேண்டிய தொகையைத் தனியாக எழுதிக்கொள்வார். அவருடைய தொகைக்கும் கொம்பியூட்டர் தொகைக்கும் ஒவ்வொரு நாளும் வித்தியாசம் வந்தது. ஒருநாள் 40 ரூபா, ஒருநாள் 60, ஒருநாள் 110. பெரிய தொகையல்ல. ஆனால் ஒருநாளாவது கூடுதலாக வரவில்லை, எப்போதும் குறைவுதான். எப்போதும் ஒரே பக்கம் குறைந்தால் வியாபாரியின் மனம் எங்கே போகும்? காசாளர் தம்பியிடம்தான் போனது. பில்லைத் திருத்துகிறானோ என்று சந்தேகப்பட்டேன். வாயால் கேட்டும் விட்டேன். "முதலாளி, நான் ஒண்டும் செய்யல்ல" என்றான். அதற்கு மேல் அவன் ஒன்றும் பேசவில்லை.

விடயத்தை வெளியே கொண்டுவந்தவர் ஒரு வயதான மேசன் பாஸ். 200 வொஷர் வாங்கிப் போனவர் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். "முதலாளி, பில்லுல ரெண்டு ரூபா கொறச்சுப் போட்டிருக்கு, இந்தாங்க" என்று நாணயத்தை மேசையில் வைத்தார். பில்லைப் பார்த்தேன். ஒன்று 4.35 ரூபா, 200 வொஷர், தொகை 868.00 என்று தெளிவாக அச்சாகியிருந்தது. 870.00 அல்லவா வர வேண்டும்! மூன்று வாரமாக இப்படிப்பட்ட பில்கள் எங்கள் கண்முன்னே போயிருக்கின்றன. அச்சில் வந்ததை யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

அன்றிரவே மருமகனைக் கூப்பிட்டேன். அவன் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, பிழை என்ர" என்றான். அவன் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன்.

பத்தின் கணக்கில் எழுதும்போது 1 ஐ 3 ஆல் பிரித்தால் 0.333 என்று முடிவில்லாமல் போகும். ஆயிரம் ரூபாவை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 333.33, திரும்பக் கூட்டினால் 999.99. இது நமக்குப் பழக்கமான தொல்லை. கொம்பியூட்டர் பத்தில் எண்ணுவதில்லை, இரண்டில் எண்ணுகிறது. அதற்கு இந்தத் தொல்லை வேறு இடத்தில் வருகிறது.

ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் அரைக் கிலோ, கால் கிலோ, 125 கிராம், 62.5 கிராம், 31.25 கிராம் என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும் படிக்கற்கள் மட்டும் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒன்றுதான். வாடிக்கையாளர் 100 கிராம் மிளகு கேட்கிறார். 62.5 ஐயும் 31.25 ஐயும் போட்டால் 93.75. அடுத்த இரண்டு கற்களும் பெரியவை, போட்டால் கூடிவிடும். அவற்றை விட்டு அதற்கடுத்த இரண்டையும் போட்டால் 99.6 கிராமுக்குக் கிட்ட வரும். இப்படியே எத்தனை சிறிய கல்லைப் போட்டாலும் 100 க்குக் கிட்டப் போகலாமே தவிர, சரியாக 100 வராது. கொம்பியூட்டருக்கு 0.1 என்ற எண் இப்படித்தான். குறிப்பிட்ட அளவு கற்களோடு நிறுத்திக்கொண்டு, கிட்டிய எண்ணை வைத்துக்கொள்கிறது.

சதக் கணக்கில் பார்த்தால், 00, 25, 50, 75 சதம் ஆகிய நான்கும்தான் அதற்குச் சரியாக அகப்படும். மிச்சம் 96 சதங்களும் ஒரு மயிரிழை கூடவோ குறையவோதான் நிற்கும். நமது 4.35 உள்ளே 4.3499999999999996 என்று இருக்கிறது. மருமகன் ரூபாவைச் சதமாக்க 100 ஆல் பெருக்கியிருக்கிறான். வந்தது 434.99999999999994. பிறகு புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டான். 435 சதம் 434 ஆகிவிட்டது. ஒரு வொஷருக்கு ஒரு சதம், 200 வொஷருக்கு இரண்டு ரூபா! இதேபோல் 19.99 ஐப் பெருக்கினால் 1998.9999999999998 வரும். எல்லா விலைக்கும் இப்படி நடக்காது. சில விலைகள் மயிரிழை மேலே நிற்பதால் வெட்டினாலும் தப்பிவிடும். அதனால்தான் ஒருநாள் 40, ஒருநாள் 110. வெட்டினால் குறையுமே தவிரக் கூடாது. அதனால்தான் எப்போதும் ஒரே பக்கம்.

என் கடையோடு நின்ற வெட்கமல்ல இது. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு சுட்டெண்ணை 1000 இல் ஆரம்பித்தது. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் அதைப் புதுப்பித்து, மூன்று தசம தானங்களுக்கு அப்பால் வெட்டிக்கொண்டே வந்தார்கள். 1983 நவம்பரில் அது ஏறத்தாழ 524 க்கு இறங்கியிருந்தது. திருத்திக் கணக்கிட்டபோது சுமார் 1098 வந்தது. சந்தை ஏறியிருக்க, சுட்டெண் பாதியாகிவிட்டது. இன்னொன்று உயிர்ச் சேதமாகவே முடிந்தது. 1991 பெப்ரவரி 25 இல் சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தொகுதி ஒன்று பத்தில் ஒரு வினாடியாக நேரத்தை எண்ணியது. அந்த 0.1 வெட்டப்பட்டிருந்ததால், 100 மணித்தியாலம் ஓடிய பிறகு அதன் கணக்கு சுமார் 0.34 வினாடி பிசகியது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது தடுக்கவில்லை. 28 அமெரிக்கப் படையினர் இறந்தனர்.

இனி நாம் செய்ய வேண்டியதற்கு வருவோம். காசைப் புள்ளி எண்ணாக வைக்காமல் முழுச் சதமாக வைப்பது ஒரு வழி. விலையைப் பதியும்போதே 435 என்று பதிந்தால் பெருக்கலும் இல்லை, வெட்டலும் இல்லை. பத்தின் கணக்கிலேயே எண்ணும் 'டெசிமல்' வகையைப் பாவிப்பது மற்றது. சீ ஷார்ப்பிலும் பைதனிலும் அந்தப் பெயரில் இருக்கிறது, ஜாவாவில் 'பிக் டெசிமல்' என்பார்கள். உங்கள் புரோகிராம் எழுதுபவருக்கு இது புதுச் செய்தியாக இருந்தால் வேறு ஆள் பார்ப்பது நல்லது. (மருமகனுக்கு நான் இதைச் சொல்லவில்லை.)

அரைச் சதத்தை என்ன செய்வது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் 2.5 ஐ 3 ஆக்கப் படித்தோம். எக்ஸலின் 'ரவுண்ட்' சூத்திரமும் 3 என்கிறது. பைதனில் 'ரவுண்ட்' என்றால் 2 தரும். அதுவே 3.5 என்றால் 4 தரும். பாதியாக வந்தால் கிட்டிய இரட்டை எண்ணுக்குப் போவது அதன் விதி. எப்போதும் மேலே தள்ளினால் கணக்கு ஒரு பக்கம் சாயும் என்பது அதற்குக் காரணம். எந்த விதி என்பது முக்கியமல்ல. பில்லுக்கு ஒன்று, பேரேட்டுக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது.

எக்ஸலில் கணக்கு வைப்பவர்கள் ஒரு கட்டத்தில் =1*(0.5-0.4-0.1) என்று அடித்துப் பாருங்கள். சைபர் வராது, மிக மிகச் சிறிய ஒரு கழித்தல் எண் வரும். இதைவிட அடிக்கடி நம்மைக் கடிப்பது வேறொன்று. 10.30 ரூபாச் சாமான் மூன்று வரிகளில் இருக்கிறது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். ஒவ்வொரு வரிக்கும் வரி 1.854. இரண்டு தானம் மட்டும் காட்டச் சொன்னால் மூன்று கட்டத்திலும் 1.85 என்று தெரியும். கூட்டினால் 5.55. ஆனால் கீழே எக்ஸல் 5.56 என்று காட்டும். கண்ணுக்கு மறைத்தாலும் உள்ளே 1.854 அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 'ரவுண்ட்' போட்டால் 5.55 ஆகும், மொத்தத்துக்கு மட்டும் வரி போட்டால் 5.56 ஆகும். எதைப் பின்பற்றுவது என்று உங்கள் கணக்காளரிடம் ஒருதடவை கேட்டு, எல்லாப் பில்லுக்கும் அதையே செய்யுங்கள்.

காசாளர் தம்பியிடம் மறுநாள் காலையில் கடை திறந்தவுடன், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். சந்தேகப்பட்டபோதும் எல்லோர் முன்னிலையிலும்தான் கேட்டிருந்தேன். அவன் இப்போதும் என்னிடம்தான் வேலை செய்கிறான்.

புதிதாகப் பில் புரோகிராம் வாங்கப் போகிறவர்கள், விற்பவர் எதிரிலேயே 4.35 விலையில் 200 சாமானுக்கு ஒரு பில் அடித்துப் பாருங்கள். அடுத்து 19.99 இல் 100 சாமான். முதலாவது 870.00, இரண்டாவது 1999.00 என்று வராவிட்டால் முற்பணம் கொடுக்க வேண்டாம்.