கார் ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலின் பங்குனித் தேரோட்டத்தைக் காணாதவர் நம் மாவட்டத்தில் மிகச் சிலரே. வடம் பிடிப்போரை எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்து ஓடுபவரைப் பலர் கவனிப்பதில்லை. தேரைத் திருப்புவதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இடப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அது தயங்கும். வலப்பக்கச் சக்கரம் முந்தும். தேர் இடப்பக்கம் திரும்பும். எந்தப் பக்கச் சக்கரம் தயங்குகிறதோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும் என்பதே இதிலுள்ள விதி. இந்த விதி எனக்குப் பாடப் புத்தகத்தில் விளங்கவில்லை. என் தந்தையார் ஓட்டும் காரில்தான் விளங்கியது.

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுநர். வண்டி முதலாளியுடையது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு, திருச்சி விமான நிலையத்திலிருந்து திரும்பிய அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். "வண்டி இடப்பக்கமே இழுக்குதுப்பா. வழியெல்லாம் ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடிச்சுக்கிட்டே வந்தேன்" என்றார். முன் சக்கரம் இரண்டுக்கும் புது டயர் போட்டு அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. முதலாளியோ, "எங்கேயோ பள்ளத்தில் இறக்கியிருக்கிறாய்" என்றார். இரண்டு முறை வீல் அலைன்மென்ட் பார்த்தும் இழுப்பு நிற்கவில்லை. அந்தச் செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு வந்தது. அப்பா மறுத்துப் பேசவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக வண்டி ஓட்டும் ஒருவர், தாம் செய்யாத குற்றத்துக்குத் தலை குனிந்து நின்றதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் எங்கள் விரிவுரையாளர் அடிக்கடி சொல்வது ஒன்றுண்டு: "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று; மற்றவற்றை அப்படியே வை." அதையே காரிலும் செய்வோம் என்றேன். அப்பா சிரித்தார், ஆனால் சம்மதித்தார்.

இழுப்பு எப்போது வருகிறது என்பதே முதற் கேள்வி. பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் குற்றம் பிரேக்கில் இருக்கும். ஒரு பக்க லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் அந்தப் பக்கம் பிடிப்புக் குறையும். வண்டி மறுபக்கம் பாயும். எங்கள் கார் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே அளவில் இழுத்தது.

அடுத்தது காற்று. டயரில் காற்றுக் குறைந்தால் அது தரையில் அதிகமாக அமுங்கி, உருளத் தயங்கும். தேர்ச் சக்கரத்தின் கட்டை வேலையை இங்கே காற்றுக் குறைவு செய்கிறது. வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடேறாதபோது அளக்க வேண்டும். அளந்தோம், இரண்டிலும் 33 பவுண்டு சரியாக இருந்தது.

மூன்றாவது சாலை. மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரங்களில் தாழ்த்திப் போடுகிறார்கள். நூறு சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு என்று கொள்வோம். ஆயிரம் கிலோ காரை அந்தச் சரிவு ஏறக்குறைய இருபது கிலோ எடையளவு விசையுடன் ஓரத்துக்குத் தள்ளும். நாம் இடப்பக்கம் செல்பவர்களாதலால் நல்ல காரும் சற்றே இடப்பக்கம் சாய்வது இயல்பு. ஆகவே விடியற்காலையில், திருமயம் சாலையில், எதிரில் நெடுந்தூரம் வெறிச்சோடியிருந்த நேரான பகுதியில், சற்று நேரம் நடுவில் ஓட்டிப் பார்த்தார் அப்பா. அங்கும் இழுத்தது.

நான்காவது, விடாமல் பிடித்திருக்கும் பிரேக். மிதியை விட்ட பின்னும் ஒரு சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் அது சூடேறும். பத்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, சக்கரங்களைத் தொடாமல் அருகே கை நீட்டிப் பார்த்தோம். இருபுறமும் ஒரே வெதுவெதுப்பு. ஜாக்கி ஏற்றிச் சுழற்றியபோதும் தடையின்றிச் சுழன்றன. ஸ்டியரிங் மூட்டுகளிலும் ஆட்டமில்லை.

அலைன்மென்ட்டில் மூன்று கோணங்கள் உண்டு. சக்கரம் மேற்புறம் வெளியே சாய்வதோ உள்ளே சாய்வதோ கேம்பர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போன்ற சாய்வு காஸ்டர்; கையை விட்டாலும் சைக்கிள் நேரே ஓட அதுவும் துணை செய்கிறது. இவ்விரண்டும் இருபுறமும் வேறுபட்டால் வண்டி இழுக்கும். மூன்றாவதான டோ பெரும்பாலும் டயரைத் தின்னுமே தவிர இழுக்காது. அலைன்மென்ட் சீட்டில் எல்லாம் சரியாகவே இருந்தன.

மிஞ்சியது டயர். புது டயரில் குற்றம் இருக்குமா என்று யாரும் எண்ணவில்லை. டீக்கடைக் காகிதக் குவளையை மேசையில் உருட்டிப் பாருங்கள். அது நேரே போகாது. குறுகிய அடி உள்ள பக்கமாக வட்டமடிக்கும். டயரின் உள்ளே இருக்கும் கம்பிப் பட்டை நடுவிலிருந்து சற்றே விலகி அமைந்தால், டயரும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இப்படிக் கூம்பாக உருளும். அலைன்மென்ட் கருவி இதைக் காட்டாது.

முன் சக்கரங்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் பூட்டினோம். (ஒரே திசையில் சுழல வேண்டும் என்று அம்புக்குறி இட்ட டயர்களை இப்படி மாற்றக்கூடாது.) மீண்டும் அதே சாலை, அதே வேகம். இப்போது கார் வலப்பக்கம் இழுத்தது!

சாலையும் பிரேக்கும் கோணங்களும் மாறவில்லை. சக்கரங்கள் மட்டுமே மாறின. எனவே குற்றம் டயரில். இரண்டில் எது? ஸ்டெப்னியை ஒவ்வொன்றுக்கும் பதிலாக மாட்டினோம். முதலாவதை எடுத்தபோது இழுப்பு போகவில்லை. இரண்டாவதை எடுத்தபோது கார் நூல் பிடித்தாற்போல் நேரே ஓடியது. அப்பா ஸ்டியரிங்கை இரு விரல்களால் மட்டும் தொட்டுக்கொண்டு சிறிது தூரம் ஓட்டினார். ஒன்றும் பேசவில்லை.

முதலாளியையும் ஏற்றிக்கொண்டு அதே சோதனையைச் செய்து காட்டினோம். டயர் மாற்றித் தரப்பட்டது. சம்பளப் பிடித்தம் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

அன்றிரவு அப்பா சொன்னார்: "டயர் போட்ட அன்னைக்கே கைக்குத் தெரிஞ்சுதுப்பா. ஆனா எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறதுன்னு தெரியல." அவர் கைக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் நான் நான்கு பேர் ஒப்புக்கொள்ளும் முறையில் வரிசைப்படுத்தினேன். நண்பர்களே, நாம் கற்கும் அறிவியலின் பயன்களில் இதுவும் ஒன்று. ஒருவர்மேல் பழி போடுவதற்கு முன், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும். அந்தப் பொறுமைக்கு ஆய்வுக்கூடமும் வேண்டியதில்லை. ஒரு ஜாக்கியும் ஒரு ஸ்டெப்னியும் போதும்.