கீவனோவின் வெண்பனி

வெண்பனி மிகுதியாகப் பெய்வதற்குக் காரணம் யாது என நாம் வகுப்பில் வினவும்போதெல்லாம், கடுங்குளிரே என மாணவர் விடையிறுப்பர். அவ்விடை பாதி உண்மை. மற்றைப் பாதியை அறிதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியிலுள்ள கீவனோ மாவட்டத்தை ஈண்டு நோக்குவாம்.

சுப்பீரியர் என்னும் பேரேரியுள் நீண்டு செல்லும் குடாநாடொன்றின் நுனியே கீவனோ. காடும் குன்றும் நிறைந்த அந்நாட்டுப்புறம், 19ஆம் நூற்றாண்டிற் செம்புச் சுரங்கங்களாற் செழித்தது. சுரங்கங்கள் மூடப்பட, மக்களும் அருகினர். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 2,046 பேரே.

சுப்பீரியர் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 82,000 சதுரக் கிலோமீற்றர். இலங்கைத் தீவினும் பெரிது. அதன் ஆழம் ஓரிடத்தில் 400 மீற்றரையும் கடக்கும். இத்துணை ஆழ்ந்த நீர், கோடையிற் பெற்ற வெப்பத்தை மெல்லவே இழக்கின்றது. ஆதலின், மாரி தொடங்கி நிலம் உறைந்த பின்னரும் ஏரி உறையாது கிடக்கும். கனடாப் பக்கமிருந்து வீசும் வறண்ட குளிர்காற்று அந்நீரின்மேற் செல்லுங்கால், வெப்பத்தையும் நீராவியையும் ஏற்றுக்கொள்கின்றது. வெப்பமுற்ற வளி மேலெழ, முகில் திரளும். கரையிலுள்ள குன்றுகள் அவ்வளியை மேலும் உயர்த்த, நீராவி பனிப்பளிங்குகளாகிச் சொரிகின்றது. குளிரைத் தந்தது காற்று. நீரைத் தந்தது ஏரி. ஏரியின் பெரும்பகுதி உறைந்துவிடின், குளிர் நீங்காதிருப்பினும் பனிவீழ்ச்சி குறைதலே இதற்குச் சான்று.

1978–79 மாரியில் அங்கு பெய்த பனி 390.4 அங்குலம், அஃதாவது 32 அடிக்கு மேல். இது பருவம் முழுவதும் பெய்தவற்றின் கூட்டுத்தொகை. ஒருங்கே நிலத்திற் கிடந்த உயரமன்று. இவ்வளவைக் காட்டும் நெடிய அளவுகோலொன்று நெடுஞ்சாலையோரத்தில் நிற்கின்றது. பனியின் பாரம் தாங்காது கூரை முறியாவண்ணம், அதனை வாரியெறிதல் அங்குள்ளாரின் மாரிக்கால வேலைகளுள் ஒன்று. எனினும், பனியிற் சறுக்கவும் பனியூர்தி செலுத்தவும் வருவோரால் அவர்க்கு வருவாயும் உண்டு.

பெரும்பனி பெய்த ஆண்டில், "உலகம் வெப்பமடைகின்றது என்பது பொய்" என உரைப்பார் உளர். அவர் அறிந்தது பாதி விடையே. ஏரி வெப்பமுற்று உறையாதிருக்குமாயின், காற்றுக் குளிர்ந்திருக்குமளவும் பனி பெருகவுங்கூடும்; காற்றும் போதிய குளிர்ச்சியை இழப்பின், அதே நீர் மழையாகவே விழும். அன்று கூரையின் பாரம் குறையும். பனியை நம்பிய பிழைப்பும் குறையும்.

ஆதலின் மாணவர்காள், ஒரு காரணம் கிடைத்தவுடன் ஏட்டை மூடிவிடாதீர். அதனோடு கூடி நின்ற மற்றைக் காரணத்தையும் தேடுமின்.