கேழ்வரகில் புது ரகம் காண எந்தப் படிப்பு?

2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதிலிருந்து, புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் கலந்தாய்வு நெருங்கும்போதெல்லாம் ஒரு பேச்சைக் கேட்கிறேன். “சிறுதானியத்தில் புது ரகம் உருவாக்கணும் சார், அதனால பயோடெக் எடுக்கிறேன்.” ஆசை பிள்ளையுடையது, பாடத்தை முடிவு செய்தது பெரும்பாலும் அப்பா.

கம்பையும் ராகியையும் பண்டமாக்கி விற்க நினைப்பவர்கள் உணவுத் தொழில்நுட்பம் படிக்கலாம். ரகம் உருவாக்க நினைப்பவர்களுக்கு காரைக்கால், சிதம்பரம், கோவை என்று வேளாண் பட்டப்படிப்பு இருக்கிறது. அதன்மேல் மரபியல், பயிர்ப்பெருக்கத்தில் முதுகலை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது பி.டெக். பயோடெக்கைப் பற்றித்தான். நொதிகள், செல் வளர்ப்பு, நொதித்தல் கலன் என்றே அதில் நான்கு ஆண்டும் போய்விடும். பயிரோடு ஒரு பருவம்கூட வாழ வாய்ப்பில்லை. பயிர்ப்பெருக்க முதுகலைக்கு வந்தால், பெரும்பாலான வேளாண் பல்கலைக்கழகங்கள் வேளாண் இளங்கலைதான் கேட்கும். சேர்ந்த பிறகு இதை அறிந்து கலங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வயலில் வளர்ந்தவன் நான்; என் சாய்வு வயல் பக்கம்தான். ஆனால் காரணமும் உண்டு. கேழ்வரகில் செடிக்குச் செடி உயரம், பூக்கும் நாள், தூர்கள், கதிரின் விரல்கள், மணி எடை எல்லாம் வேறுபடும். எந்த வேறுபாடு விதை வழியே அடுத்த தலைமுறைக்குப் போகும், எது மண்ணும் நீரும் தந்த தோற்றம் என்று பிரித்தறிவதே தேர்வு. தூர் எண்ணிக்கை உரம் கண்டால் கூடிவிடும். அதை நம்பிப் பொறுக்கிய செடியின் பிள்ளைகள் மறு பருவத்தில் கைவிட்டுவிடும். ஒரு பண்பின் வேறுபாட்டில் மரபின் பங்கான மரபுத்திறன் அதிகமாக இருந்தாலும், தேர்வால் அடுத்த தலைமுறையில் கிடைக்கும் மேம்பாடான மரபு முன்னேற்றம் குறைவு என்றால் அந்தப் பண்பைத் தேடி எளிய தேர்வில் இறங்கிப் பயனில்லை.

பயோடெக் தரும் மூலக்கூறு அடையாளங்களை, அதாவது வேண்டிய மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டும் டி.என்.ஏ. குறிகளை, குறைத்துச் சொல்லவில்லை. அடிச்சாம்பல் நோயைத் தாங்க எச்எச்பி 67 கம்புக்குப் புத்துயிர் தந்து 2005-இல் மேம்பட்ட கலப்பினமாக வெளிவரச் செய்தது அவைதான். ஆனால் எந்தச் செடிகளைக் கலப்பது, எதை விலக்குவது என்று முடிவு செய்ய வயலறிவு வேண்டும். 1965-இல் வந்த எச்பி 1 கம்பு வீரியக் கலப்பினம் டிஃப்ட் 23ஏ என்ற ஒரே தாய்வரிசையில் நின்றது. அதே தாய்வரிசையில் நின்ற கலப்பினங்கள் பரவிய சில ஆண்டுகளிலேயே அடிச்சாம்பல் நோய் அவற்றை வாரிக்கொண்டுபோனது. வேறுபாட்டைக் குறுக்கியதன் விலை அது.

இதற்கு நேர்மாறாக, கர்நாடகத்தில் பயிர்ப்பெருக்க அறிஞர் லட்சுமணய்யா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து இண்டாஃப் ரகங்களைத் தந்தார். ராகிப் பூ சிறியது, தன் மகரந்தத்திலேயே கருவுறும், கலப்பதே கடினம். கலந்தபின் ஆறேழு தலைமுறை நிலைப்படுத்த வேண்டும். மற்ற வேலைகளுக்கு மதிப்பெண் பார்த்து ஆள் எடுப்பார்கள். இந்த வேலையோ பொறுமையும், ஒரு செடியை மறுபடி மறுபடி பார்க்கும் கண்ணும் உள்ளவரிடம்தான் நிற்கும். பெற்றோரே, பிள்ளைக்கு அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அனுமதி கேட்டு, கதிர் முற்றும் பருவத்தில் பிள்ளையை அழைத்துப்போய் ஆய்வு வரிசைகளுக்கு நடுவே நடக்க விடுங்கள். ஒரு மணி நேரத்தில் அலுத்துவிட்டால் வேறு படிப்பு பார்க்கலாம். இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்று நின்றால், விண்ணப்பத்தில் வேளாண்மையை முதல் விருப்பமாக எழுதுங்கள்.